ஆற்றில் எடுத்தாலும் அளந்து எடு

ஆற்றின் அடியில் கிடக்கும் பழம்பொருள்களை எடுக்க வீட்டிலேயே ஓர் உறிஞ்சு டிரெட்ஜர் செய்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பல நாடுகளிலும் உண்டு. அவர்களுக்கு முதலில் தோன்றும் கேள்வியும் எங்கும் ஒன்றுதான்: எத்தனை எச்.பி. இன்ஜின் போட வேண்டும்? ஆற்றின் ஆழம் எவ்வளவு, அடியில் இருப்பது மணலா சேறா, அந்தக் கரையில் எந்தக் காலத்தில் யார் குடியிருந்தார்கள், எடுத்ததை யாரிடம் ஒப்படைப்பது என்பதையெல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்; எச்.பி. முடிவாகிவிட்டால் புதையலில் பாதி வீட்டுக்கு வந்த மாதிரி. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. தொல்பொருள் தேடுகிற டிரெட்ஜருக்கு வலிமை ஒரு வியாதி. நோஞ்சானாக இருப்பதுதான் அதற்கு அழகு. தேடிப் போன பொருளை உறிஞ்சத் திராணியில்லாத உறிஞ்சியே இருப்பதில் சிறந்த உறிஞ்சி. கேட்டவுடன் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். ஆனால் குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது, மண்ணுக்குள் பொருள்கள் எப்படிக் கிடக்கின்றன என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கிறுக்கு எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடும்.

முதலில் கருவி. செய்வது கஷ்டமில்லை, ஆபத்து தொடங்குவதே அங்கேதான். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் பம்ப்செட் ஒன்று. அதை மிதக்கவிட இரண்டு லாரி டியூப், அவற்றின்மேல் கட்ட ஒரு பலகை. இரண்டு அங்குல உறிஞ்சு ஹோஸ் சில மீட்டர். பிவிசி குழாய்த் துண்டுகள், சாய்வாகக் கிளை பிரியும் ஒரு ஒய் இணைப்பு, கை நிறையக் கிளாம்ப், ஒட்டுவதற்கு ஒரு டப்பா சொல்யூஷன். சாமர்த்தியமெல்லாம் அந்த ஒய்யில் இருக்கிறது. பம்ப் ஆற்றின் மேல்மட்டத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்து, குறுகலான மூக்கு வழியாக, அகன்ற குழாய்க்குள் சாய்வாகப் பீய்ச்சுகிறது. வேகமாகப் போகும் அந்தத் தாரை பக்கத்து நீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போக, பின்னால் அழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட ஹோஸின் வாய் ஆற்றடி நீரையும் மணலையும் உள்ளே இழுக்கிறது. டேனியல் பெர்னூலி 1738இல் கணக்குப் போட்டு வைத்தது, ஜோவன்னி பத்திஸ்தா வெந்தூரி 1797இல் குழாய்களை வைத்து விளக்கியது. பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் பெட்ரோலை இழுப்பதும் இதே வித்தையால்தான். இதில் மணல் பம்ப்புக்குள் போவதே இல்லை என்பது பெரிய லாபம். இது புரியாமல் பம்ப்பின் வாயையே நேராக மணலில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு பானை ஓடு உள்ளே போனால் போதும். ஓடும் இம்பெல்லரும் ஒரே நாளில் ஒரே காலத்துத் தொல்பொருளாகிவிடும். குழாயின் அடியில் காற்றைச் செலுத்தி, மேலெழும் குமிழிகளோடு மண்ணையும் ஏற்றிவிடும் இன்னொரு முறை உண்டு. அதற்குத் தலைக்குமேல் நல்ல ஆழம் வேண்டும். இடுப்பளவு ஆற்றில் அதை வைத்தால் கொப்பளிக்கும், அவ்வளவுதான்.

கருவி ஓடத் தொடங்கியதும் ஆசையும் கூடவே ஓடத் தொடங்குகிறது. இரண்டு அங்குலம் போதாது, நாலு அங்குலம் போட்டால் என்ன என்று யோசிக்காத மனிதர் அபூர்வம். விட்டம் இரட்டிப்பானால் குழாயின் வாய்ப்பரப்பு நான்கு மடங்காகும். அதே வேகத்தில் இழுக்க நான்கு மடங்கு நீர் ஓட வேண்டும். அதற்குப் பெரிய பம்ப். பெரிய பம்ப்புக்குப் பெரிய மிதவை. பெரிய மிதவைக்கு ஒரு டிரெய்லர். டிரெய்லர் இறங்க ஆற்றுக்கு ஒரு பாதை. கையில் தூக்கிப் போகும் கருவி என்று ஆரம்பித்ததில் கடைசியில் கை மட்டும் மிஞ்சுகிறது. ஹோஸின் வாயில் ஓர் இரும்பு வளையம் போட்டு அதைச் சற்றுக் குறுக்கியிருப்பார்கள். வாய்க்குள் நுழைய முடிந்த கல் வேறெங்கும் சிக்காமல் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைத்த வளையம் அது. வேகம் குறைகிறதே என்று முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுதான். அதன்பிறகு அன்றைய பொழுதுக்குப் பழம்பொருள் தேடல் முடிந்தது; எந்த எல்போவில் கல் அடைத்திருக்கிறது என்ற தேடல் ஆரம்பம். பின்னால் மண்ணும் நீரும் பீறிடும்போது நியூட்டன் சொன்னபடி குழாய் முன்னால் உதைக்கும். இரண்டு அங்குலத்தில் அது சிணுங்கல், நாலு அங்குலத்தில் மல்யுத்தம். சிரிக்க முடியாத பகுதியும் இதில் உண்டு. அவசரமாகத் தோண்டிய குழியின் மணல் சுவர் செங்குத்தாக நின்று, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே இருப்பவர்மேல் சரியும். மெதுவாகத் தோண்டுகிறவருக்குக் குழியைச் சரிவாக அகலப்படுத்த நேரம் இருக்கிறது. வேகமாகத் தோண்டுகிறவருக்கு வேகம் மட்டுமே இருக்கிறது.

இந்த வலிமை மோகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், தங்கத்தில் போய் முட்டும். கையடக்க உறிஞ்சு டிரெட்ஜர் பேர் பெற்றது கலிபோர்னியா, ஆரிகன் பக்கத்து ஆறுகளில் தங்கம் தேடுகிறவர்களிடம். அவர்கள் கணக்கு வேறு. தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல் 19 மடங்குக்கும் மேல்; சாதாரண மணலுக்கு இரண்டரை மடங்கு சொச்சம். எல்லாவற்றையும் வாரி, குறுக்குச் சட்டங்கள் அடித்த சாய்வுத் தொட்டியில் ஓடவிட்டால் மணல் போய்விடும், தங்கம் தங்கிவிடும். எவ்வளவு வாருகிறோமோ அவ்வளவு ஆதாயம். இதைவிட முக்கியம், தங்கத் துகளுக்கு முகவரி கிடையாது. அது ஆற்றின் வலக்கரையில் கிடந்ததா இடக்கரையில் கிடந்ததா, மேலடுக்கிலா கீழடுக்கிலா என்று எந்த நகைக்கடையிலும் கேட்க மாட்டார்கள். பழம்பொருளுக்கோ முகவரிதான் பாதி உயிர். தங்கக்காரரின் கருவியைப் பழம்பொருள்காரர் கடன் வாங்கும்போது, கிடந்த இடத்தை மறந்துவிடும் சுபாவத்தையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார். அந்தக் கருவிக்குத் தாய்வீட்டிலேயே இப்போது மரியாதை இல்லை. பழைய தங்கவேட்டைக் காலத்தில் ஆற்றடியில் படிந்த பாதரசத்தைக் கிளறிவிடுகிறது, மீன்களின் வாழ்விடத்தைக் கெடுக்கிறது என்ற கவலையில் கலிபோர்னியா 2009இல் அதை நிறுத்திவைத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், 2016இல் அரசின் பக்கமே தீர்ப்பாயிற்று.

உறிஞ்சும் நீருக்கு ஓரவஞ்சனையும் உண்டு. லேசானதை முதலில் கூட்டிக்கொண்டு போகும். கனமானதைக் கடைசியில்தான் கவனிக்கும். ஆற்றடியில் லேசானவை எவை? கரித்துண்டு, விதை, உமி, மரச்சிம்பு, மீன்முள், பொடி எலும்பு. தேடுகிறவர் இவற்றைக் குப்பை என்பார். காலம் கணிக்கும் ஆய்வகத்தில் கேட்டால் முதலில் அந்தக் குப்பையைக் கொடுங்கள் என்பார்கள். கரிமக் கணிப்புக்கு ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருள் வேண்டும், காசும் கல்லும் அதற்கு உதவா. பழனிக்குப் பக்கத்துப் பொருந்தலில் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஈமச்சின்னத்தில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானைத்தாங்கி ஒன்று. கூடவே ஒரு ஜாடியில் நெல். அந்த நெல்லைப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதில் கி.மு. 490 என்று காலம் வந்தது. தமிழ் எழுத்தின் வயது பற்றிய வாதம் சூடுபிடித்ததற்கு, நெல்லும் தாங்கியும் ஒரே இடத்தில் ஒன்றாக இருந்தது என்ற அந்த ஒரு சங்கதிதான் காரணம். அது நிலத்தில் நடந்த ஆய்வு. அதே குழி ஆற்றடியில் இருந்து, நாலு அங்குல டிரெட்ஜர் ஒன்று அதில் வாய் வைத்திருந்தால், முதல் இழுப்பில் நெல் ஆற்றோடு போயிருக்கும். எழுத்துள்ள தாங்கி பத்திரமாக மிஞ்சியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வயதை அதனிடமே விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாட்சியைத் துரத்திவிட்டுப் பொருளை மட்டும் காப்பாற்றித் தருவதில் வலிய கருவிக்கு இணையில்லை.

அப்படியானால் கருவியே வேண்டாம், கையால் தோண்டலாமே என்று கேட்கலாம். தோண்டிப் பார்த்தால் தெரியும். தண்ணீருக்கடியில் ஒரு பிடி சேற்றைக் கிளறினால் அடுத்த கணம் சொந்தக் கை தெரியாது. கலங்கல் அடங்கும்வரை சும்மா இருக்க வேண்டும். டிரெட்ஜர் தேவைப்படுவது இதற்காகத்தான். நீருக்கடித் தொல்லியலில் பயிற்சி பெற்றவர்கள் ஒரு கையால் மண்ணுக்குமேல் மெல்ல விசிறுவார்கள், அல்லது கரணையால் விரற்கனம் வழிப்பார்கள். கிளம்பிய கலங்கலை மட்டும், ஒரு சாண் தள்ளி நிற்கும் ஹோஸின் வாய் இழுத்துக்கொள்ளும். கை துடைப்பம், குழாய் முறம். முறத்தை வைத்துக்கொண்டு யாரும் வீடு பெருக்குவதில்லை. எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் கப்பல் 1545இல் மூழ்கியது. 1982இல் அதன் உடலை மேலே கொண்டுவருவதற்கு முன் மூழ்காளர்கள் ஆண்டுக்கணக்கில் இப்படித்தான் வேலை செய்தார்கள். அவர்களுடையது காற்றுக் குழாய், ஆனால் முறை இதே முறை. 19,000க்கு மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. ஒரு சிற்றறையில் மருந்துக் கலங்களோடும் சவரக்கத்திகளோடும் ஒரு மரப்பெட்டி கிடந்த இடத்திலேயே கண்ணில் பட்டதால், கப்பலில் வைத்தியரின் அறை எது என்பது தெரிந்தது. அதே பொருள்கள் குழாய் வழியாக மேலே வந்திருந்தால், ஏதோ ஒரு சவரக்கடை மூழ்கியிருக்கிறது என்றுகூட நினைத்திருப்பார்கள். வெளியேறும் முனையில் ஒரு சல்லடை கட்டுவதும் வழக்கம். அந்தச் சல்லடை தணிக்கை அதிகாரி. அதில் ஒரு மணியோ காசோ விழுந்தால், கை தவறவிட்டதை அது பிடித்திருக்கிறது என்று பொருள். வீட்டுக் கருவிக்காரர் துள்ளிக் குதிக்கும் இடத்தில் அவர்கள் தலை குனிவார்கள்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் வரும். ஆறே பெரிய டிரெட்ஜர்தானே; வெள்ளத்துக்கு வெள்ளம் எல்லாவற்றையும் புரட்டி, மேலூர்ப் பானையைக் கீழூர்ப் படித்துறையில் கொண்டுவந்து போடுகிறது; இதில் ஏது அடுக்கு, ஏது வரிசை? பாதி உண்மை. உருண்டோடும் சரளைக்கு நடுவே கிடக்கும் ஓட்டுச் சில்லுக்கு மூல முகவரி இருக்காது. ஆனால் மடுக்களிலும், ஆறு கைவிட்ட வளைவுகளிலும், அடித்தளம் அமிழ்ந்த பள்ளங்களிலும் மண் அடுக்கடுக்காகப் படிந்து அசையாமல் இருப்பதுண்டு. ஃபுளோரிடாவில் ஆசில்லா ஆற்றிலுள்ள பேஜ்-லாட்சன் அப்படிப்பட்ட இடம். இலைச்சாறு ஊறிக் கறுத்த நீருக்கடியில் ஒரு சுண்ணாம்புப் பாறைப் பள்ளம். மாஸ்டோடான் என்ற, யானைக்குத் தூரத்து உறவான விலங்கின் தந்தம் ஒன்று, வெட்டுத் தடங்களோடு அங்கே முந்தைய அகழாய்வில் கிடைத்திருந்தது, பலர் ஏற்கவில்லை. ஜெசி ஹாலிகன், மைக்கேல் வாட்டர்ஸ் குழுவினர் 2012 முதல் 2014 வரை மறுபடி இறங்கினார்கள். இருபுறமும் செதுக்கிய கல் கத்தி ஒன்று கிடைத்தது. அதைவிட முக்கியமாக, அது மாஸ்டோடான் லத்தி நிறைந்த ஓர் அடுக்கில் கிடைத்தது. லத்தியிலிருந்த தாவரச் சிம்புகளைக் கரிமக் கணிப்பு செய்ததில் 14,550 ஆண்டு என்று வந்தது. 2016இல் ஆய்வு வெளியானது. அமெரிக்கக் கண்டத்தின் முதல் மனிதர்கள் ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் என்று நெடுங்காலம் நம்பியிருந்த கணக்கை ஏறக்குறைய 1,500 ஆண்டு பின்னுக்குத் தள்ளியது, சொல்லப்போனால், அந்த லத்திதான். கத்தி அதில் செருகியிருந்தது. அவர்களும் உறிஞ்சு டிரெட்ஜரோடுதான் இறங்கினார்கள், ஆனால் அது கரணைக்குப் பின்னால் நின்றது. அதை முன்னால் விட்டிருந்தால் கத்தி சல்லடையில் விழுந்திருக்கும், 14,550 ஆண்டு ஆற்றில் கரைந்திருக்கும். இன்னொன்று: எந்த இடம் கலைந்தது, எந்த இடம் கலையாதது என்பதே மெதுவாகத் தோண்டினால்தான் தெரியும். வேகமாகத் தோண்டினால் எல்லா இடமும் கலைந்த இடமாகி, ஆட்சேபம் சொன்னவர் வாக்கு பலித்துவிடும்.

முகவரி இல்லாத பொருளுக்கு என்ன கெட்டுப்போய்விடும், அழகான பொருள் அழகாகத்தானே இருக்கும் என்று கேட்பவர்களுக்கு லண்டனில் ஒரு கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தேம்ஸ் நதிச் சேற்றில் பொருள் பொறுக்கிப் பிழைத்தவர்கள் வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன். ஊர் வைத்த பெயர் பில்லி, சார்லி. சேற்றில் கிடைப்பது போதாமல், 1857 வாக்கில் தாங்களே உற்பத்தியில் இறங்கினார்கள். பிளாஸ்டர் அச்சு, ஈயக் கலவை. ஷாட்வெல் கப்பல்துறை வேலையில் தோண்டக் கிடைத்தது என்று ஒரு வரி. இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே பதக்கங்களில் இருந்த வாசகங்கள் எந்த மொழியிலும் சேராதவை. 11ஆம் நூற்றாண்டுத் தேதிகளை, இங்கிலாந்தில் அப்போது புழக்கத்துக்கே வராத இன்றைய எண்களில் பொறித்திருந்தார்கள். இவ்வளவு இருந்தும் பொருள் விற்றது. போலி என்று பத்திரிகையில் செய்தி வந்ததால் வியாபாரி ஒருவர் 1858இல் வழக்குப் போட, புகழ்பெற்ற தொல்பொருள் அறிஞர் சார்லஸ் ரோச் ஸ்மித், இவை அசலானவை, இதுவரை அறியப்படாத ஒரு புது வகை என்று சாட்சி சொன்னார். அவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் என்ற கேள்விகளுக்கு ஒருவரிடமும் பதில் இல்லாத சந்தையில், அறிஞருக்கும் பொருளின் முகத்தைப் பார்த்துத்தான் ஜாதகம் சொல்ல வேண்டியிருந்தது. குழாய் வழியாக வந்து விழும் அசல் பொருளும், பில்லி உருக்கி ஊற்றிய போலிப் பொருளும் ஒரே தகுதியோடு மேசைக்கு வருகின்றன: இரண்டுக்கும் ஊர் பேர் கிடையாது.

அடுத்த ஆட்சேபம், ஆர்வலர்கள் இல்லாவிட்டால் பல விஷயங்கள் வெளியே வந்தே இருக்காது என்பது. மறுக்கவே முடியாது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் மணலை அரித்துக் காசு தேடியவர்களால்தான் மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்கள் பொறித்த சேரர் காசுகள் ஆய்வாளர் கைக்கு வந்தன. ரோமானியக் காசுகளும் வந்தன. இலக்கியத்தில் மட்டும் ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கு உலோகத்தில் முகம் கிடைத்தது. நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவை படுகையில் எங்கே, எதனோடு கிடந்தன என்ற குறிப்பு இல்லாததால், எழுத்தின் வடிவத்தை வைத்தே காலத்தைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஸ்வீடனில் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் காட்டிய வழி வேறு. தொழில் எண்ணெய் சம்பந்தப்பட்ட பொறியியல். மூழ்கிய கப்பல் தேடுவது சொந்த மோகம். 1628இல் ஸ்டாக்ஹோமில் முதல் பயணத்திலேயே கவிழ்ந்த வாசா என்ற போர்க்கப்பலை அவர் தேடியது, தானே செய்த ஒரு மாதிரியெடுப்புக் கருவியைக் கயிற்றில் கட்டித் துறைமுகத்தடியில் இறக்கி இறக்கி. 1956இல் ஒருநாள் அது கறுத்த ஓக் மரத்தின் சிறு துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் அவர் எடுத்தது. கடற்படை மூழ்காளர்கள் இறங்கிப் பார்த்தார்கள். 1961இல் கப்பல் முழுசாக மேலே வந்தது. உலகத்தின் மிகப் பெரிய தொல்பொருள்களில் ஒன்றைக் கண்டுபிடித்தது, ஒரு சிம்புக்கு மேல் எடுக்க முடியாத வீட்டுக் கருவி. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நம் ஊர்க்காரர்கள் கேட்கக்கூடிய கேள்வி இன்னும் காட்டமானது. பொக்லைன் வைத்து லாரி லாரியாக மணலை அள்ளுகிறபோது யாரும் அடுக்கைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு அங்குலக் குழாயோடு வருகிறவனிடம் மட்டும் உபதேசமா? நியாயமான கோபம்தான். அள்ளுகிறவரிடமும் கேட்க வேண்டும். ஆனால் நாளை அழியப்போகிற இடம் என்பது, இன்று அவசர அவசரமாக அழிப்பதற்குக் காரணமாகாது. அங்கே இருந்ததைக் குறித்து வைப்பதற்கான அவசரம்தான் கூடுகிறது. பெரிய எந்திரங்கள் நல்ல பொருள்களையும் கொண்டுவந்திருக்கின்றன என்பதும் சரி. 1868இல் தேம்ஸில் வாட்டர்லூ பாலத்தருகே தூர்வாரியபோது கொம்பு வைத்த இரும்புக்காலத் தலைக்கவசம் வந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆற்றுத் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் போட்டதா, கரையிலிருந்து சரிந்து விழுந்ததா என்று கேட்டால் கவசம் கம்பீரமாகவே வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது செலவுக் கணக்குக்காக. எடுக்கிறவருக்கும் அதே விதியை நீட்டினால் தொல்லியல் முறை முழுவதும் அதில் அடங்கிவிடும்.

சட்டங்களும் ஏறக்குறைய இதையே தம் கரடுமுரடான பாஷையில் சொல்கின்றன. தேம்ஸ் கரையில் தேட அனுமதிச் சீட்டு வேண்டும். சாதாரணச் சீட்டில் 7.5 செ.மீ.க்குக் கீழே தோண்டக் கூடாது. ஸ்கேலை நட்டு வைத்துப் பார்த்தால் டிரெட்ஜருக்கு அங்கே வாய் திறக்கவே இடமில்லை. ஃபுளோரிடாவில், ஆற்றில் தனித்துக் கிடக்கும் பொருளைத் தெரிவித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த சலுகைத் திட்டம் 2005இல் முடிந்துபோனது. நம் நாட்டில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அன்றைக்குப் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு அந்த எல்லைக்குக் கீழே ஒரு புதையல் கிடைப்பதுதான் செய்தி. நூறாண்டு கடந்த பொருள்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனியாகக் காத்திருக்கிறது. ஆகவே நம் ஆற்றில் கருவியை இறக்க நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் தொல்லியல் துறை அலுவலகம். அங்கே ஆகும் தாமதத்தைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். மெதுவாக இருப்பதே நல்லது என்று இவ்வளவு நேரம் வாதாடியவன் அந்த அலுவலகத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்கக் கூடாது.

வேகத்துக்கு எதிராகக் கடைசியாக ஒன்று, அதுவே பெரியது. எடுப்பது நொடி வேலை. எடுத்ததை வைத்துக்கொள்வது வேறு வேலை. நூற்றாண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்த மரமும் தோலும் காற்றில் காய்ந்தால் சுருங்கி வெடித்து உருக்குலையும். வாசா கப்பலை மேலே கொண்டுவந்தபின், மரத்துக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஊறுவதற்காக, அந்தக் கரைசலை அதன்மேல் 17 ஆண்டு தெளித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு மொட்டைமாடியில் யாருக்கும் அந்தப் பொறுமை இருக்கப்போவதில்லை. ஆகவே டிரெட்ஜரின் வேகத்தை நிர்ணயிக்க வேண்டியது வீட்டிலுள்ள வாளிகளின் எண்ணிக்கையே. அனுமதியும் கிடைத்து, தெரிந்தவர் மேற்பார்வையும் அமைந்து, கருவி செய்கிறவருக்கு என் சிபாரிசு இது: கடையில் இருப்பதிலேயே சிறிய பம்ப், இரண்டு அங்குல ஹோஸ், கழற்றக் கூடாத வாய் வளையம், வேகத்தைக் குறைக்க ஒரு வால்வு, கால் அங்குலக் கண் சல்லடை, அதற்கடியில் அதைவிடப் பொடிக்கண் சல்லடை ஒன்று. மிச்சப் பணத்தில் நைலான் கயிறு, அளவு நாடா, எண் எழுதிய அட்டைகள், தண்ணீருக்கடியில் எழுத ஒரு பிளாஸ்டிக் பலகை, அதில் எழுத ஒரு பென்சில். நாள் முழுவதும் கருவி ஓடி, பார்க்க வேண்டியதைக் கண் பார்த்து, கை அளந்து குறித்து, சல்லடையில் ஒன்றுமே விழாமல் வீடு திரும்பினால் கருவி அப்பழுக்கில்லாமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். என்ன கிடைத்தது என்று வீட்டில் கேட்பார்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை, மெஷின் பிரமாதம் என்று சொல்லிப் பாருங்கள். அதை நம்புகிற குடும்பம் வாய்ப்பது, எந்த ஆற்றில் எந்தப் புதையல் கிடைப்பதையும்விட அரிது.